சிலையின் வயதும் சிலையின் வழியும்

பொன்முலாம் பூசிய பழைய புத்தச் சிலையொன்று சந்தைக்கு வரும்போதெல்லாம் எழுவது ஒரே கேள்விதான்: அசலா, போலியா? 2013 அக்டோபரில் ஹாங்காங்கில் நடந்த ஏலத்தில், மிங் பேரரசர் யொங்லெயின் காலத்துச் சாக்கியமுனி சிலை 23.6 கோடி ஹாங்காங் டாலருக்கு விலைபோனது. இவ்வளவு பணம் புழங்குமிடத்தில் இக்கேள்வி எழுவது இயல்பே. ஆனால் அது பாதிக் கேள்வி என்பதே நம் கருத்து.

முதலில் வயதை எடுத்துக்கொள்வோம். பொன்னைப் பாதரசத்தில் கரைத்து, சிலையின் மேல் பூசி, நெருப்பில் காட்டிப் பாதரசத்தை ஆவியாக்குவதே பழைய முறை. பொன்படலத்தில் எஞ்சும் பாதரசத்தை ஊடுகதிர்ச் சோதனை காட்டிக்கொடுக்கும். மின்முலாம் 1840-களில்தான் தொழிலாகப் பரவியது. ஆகவே மின்முலாம் என்று தெரிந்தால், அந்தப் பூச்சாவது அதற்கு முந்தியதல்ல என்று துணியலாம். பாதரசம் இருந்தால் சிலை பழையது என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. நேபாளத்தின் பாட்டன் நகரத்துச் சிற்பிகள் அம்முறையை இன்றளவும் கைவிடவில்லை.

வார்ப்பின்போது உள்ளே தங்கிவிட்ட களிமண் கருவை வெப்ப ஒளிர்வுச் சோதனைக்கு உட்படுத்தினால், அது கடைசியாகக் கடுஞ்சூடு பட்ட காலம் தோராயமாகத் தெரியவரும். இடையில் ஆலயம் தீக்கிரையாகியிருந்தால், கிடைப்பது தீயின் காலமாக இருக்கலாம், வார்ப்பின் காலமன்று. கண்ணால் பார்த்து முடிவு செய்வதும் எளிதல்ல. திபெத்தில் சிலையின் முகத்துக்குப் பொன்வண்ணம் பூசுவது புண்ணியச் செயல். பக்தரின் அந்தக் காணிக்கை, சிற்பி வடித்த முகத்தை ஆய்வாளரிடமிருந்து மறைத்துவிடுகிறது.

மிக உறுதியான சான்று பல வேளைகளில் சிலையின் வயிற்றுக்குள் இருக்கிறது. பிரதிஷ்டையின்போது மந்திரச் சுருள்கள், தானியங்கள், வேண்டுதல் எழுதிய தாள்கள் முதலியவற்றை உள்ளே வைத்து மூடுவது பௌத்த மரபு. கொரியாவில் இதைப் 'பொக்ஜாங்' என்பர். வயதை அறிய அதைத் திறந்தால், பிரதிஷ்டை கலைந்துபோகிறது. திறந்து பார்த்தபின் கிடைக்கும் விடையாவது வழக்கைத் தீர்த்துவைக்குமா?

ஜப்பானின் சுஷிமா தீவிலுள்ள கன்னோன்-ஜி ஆலயத்தில் அவலோகிதேஸ்வரர் சிலையொன்று இருந்தது. உயரம் 50.5 சென்டிமீட்டர். 1951-இல் அதனுள்ளிருந்து கிடைத்த ஆவணம், அது 1330-இல் கொரியாவின் புசொக்சா ஆலயத்துக்காகச் செய்யப்பட்டது என்றது. 2012-இல் கொரியத் திருடர்கள் அதைத் திருடித் தம் நாட்டுக்குக் கொண்டுசென்று பிடிபட்டனர். பழங்காலக் கடற்கொள்ளையர் கவர்ந்துசென்ற தங்கள் சிலை அது என்று இன்றைய புசொக்சா உரிமை கோரியது. சிலையில் தீக்காயத் தடங்கள் இருந்தன. வேறோர் ஆலயத்துக்கு முறைப்படி அளிக்கப்பட்டதாக எந்தக் குறிப்பும் உள்ளே இல்லை. 2017-இல் மாவட்ட நீதிமன்றம் புசொக்சாவுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2023 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. அதே ஆண்டு அக்டோபரில் கொரிய உச்ச நீதிமன்றம், நெடுங்கால அனுபோகத்தால் உரிமை கன்னோன்-ஜிக்குச் சேர்ந்துவிட்டது என்று முடித்துவைத்தது. 2025 மே மாதம் சிலை சுஷிமாவுக்குத் திரும்பியது.

இத்தீர்ப்பு சரியா தவறா என்பதைச் சட்டம் அறிந்தவர்கள் பேசட்டும். நம் கவனத்தை ஈர்ப்பது வேறொன்று. சிலை எங்கே, எப்போது, எவருக்காகச் செய்யப்பட்டது என்பதை அதன் வயிற்றிலிருந்த தாளே கூறியது. அந்தத் தாள் கூறாத ஒன்றைத்தான், அதாவது கொரியாவிலிருந்து சுஷிமாவுக்கு அது எப்படிச் சென்றது என்பதைத்தான், பல ஆண்டுகள் நீதிமன்றங்களில் வாதாட வேண்டியிருந்தது. கொள்ளை நடந்திருக்கலாம் என்பதை மேல்முறையீட்டு நீதிமன்றமும் மறுக்கவில்லை. இருந்தும் முடிவு அனுபோகத்தின் பக்கம் சாய்ந்தது.

போலிச் சிலை அதை வாங்குபவரை ஏமாற்றுகிறது. அசல் சிலையோ ஓர் ஊரின் வழிபாட்டிடத்தை வெறுமையாக்கிவிட்டு வந்திருக்கக்கூடும். நேபாளத்தின் விகாரைகளிலும் திபெத்தின் மடங்களிலும் வெறுமையான பீடங்கள் பல உண்டு. அசல் என்று உறுதிப்படும் கணத்தில்தான் இந்த ஐயம் வலுப்பெற வேண்டும். நடப்பதோ நேர்மாறு: அசல் என்ற சொல் கேட்டதும் விசாரணை நின்று விலை பேசத் தொடங்கிவிடுகிறார்கள்.

எனவே சிலைக்கு வழங்கப்படும் எந்தச் சான்றிதழிலும் இரண்டு பகுதிகள் இருக்க வேண்டும் என்கிறோம். ஒன்று அதன் வயது, மற்றொன்று அது வந்த வழி. இரண்டாவது தெரியாதபோது, தெரியவில்லை என்றே எழுத வேண்டும். அந்த ஒரு சொல்லை எழுதத் தயங்குகிறவர் தரும் முதல் பகுதியையும் நாம் சற்று ஐயத்தோடு படிப்பதே நல்லது.