சொற்சுமையும் சொல்வளமும்

வடாலாவிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இன்று ஒரு புதுவகைப் பாராயணம் நடைபெற்று வருகிறது. நாளொன்றுக்கு இருபது சொல், முப்பது சொல் என்று கணக்கு வைத்து, அரிய ஆங்கிலச் சொற்களை நம் பிள்ளைகள் உருப்போடுகிறார்கள். கிங்ஸ் சர்க்கிள் நடைபாதைப் பழைய புத்தகக் கடைகளில் வாங்கிய சொற்பட்டியல் நூல்களில் பாதிப் பக்கங்கள் முன்னவர் அடிக்கோடிட்டவை. மீதிப் பக்கங்களை நம்மவர் அடிக்கோடிடுகின்றனர். நூல் இல்லாதவர்க்குக் கைப்பேசி உண்டு. மாலையில் தந்தை சொல்லைக் கேட்க, மகன் பொருளைச் சொல்ல, இல்லமே ஒரு தேர்வுக் கூடமாகி விடுகிறது. அந்தப் பட்டியலுக்கு நேரம் ஒதுக்க வேண்டும் என்பதற்காகவே ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பிலிருந்து பிள்ளையை நிறுத்திக் கொள்ளும் பெற்றோரும் நம்மிடையே உளர். இவ்வழக்கத்தைக் கண்டித்து எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கண்டிக்கிறோம் என்றவுடன், ஆங்கிலத்தின் மீது நமக்குப் பகை என்று எவரும் கருதிவிட வேண்டா. ஆங்கிலம் இந்நகரில் நமக்குச் சோறு போட்ட மொழி. பிட்மன் சுருக்கெழுத்தையும் தட்டச்சையும் கற்றுக்கொண்டு, ஒரு தகரப் பெட்டியோடு பம்பாய்க்கு ரயிலேறிய தலைமுறையின் மக்கள் நாம். துறைமுகத்திலும் ரயில்வேயிலும் வணிக நிலையங்களிலும் அவர்களுக்கு இடம் தேடித் தந்தது அவர்தம் ஆங்கிலமே. 1932இல் மாட்டுங்காவில் சௌத் இந்தியன் எஜுகேஷன் சொசைட்டியும், 1934இல் வடாலாவில் சௌத் இந்தியன்ஸ் வெல்ஃபேர் சொசைட்டியும் தோன்றியதற்கும், குடியேறியோரின் பிள்ளைகள் கல்வியில் பின்தங்கலாகாது என்ற கவலையே அடிப்படை. ஆயினும் அந்தப் பெரியவர்கள் ஆங்கிலத்தை எவ்வாறு பெற்றார்கள் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. நாள்தோறும் கடிதம் கேட்டு எழுதி, எழுதியதைத் தட்டச்சு செய்து, திருத்தம் பெற்று, மீண்டும் தட்டச்சு செய்து பெற்றார்கள். அவர்கள் அறிந்த சொல் ஒவ்வொன்றும் ஒரு வேலையோடு வந்து சேர்ந்தது. அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கோ சொல் வருகிறது. அதனோடு வரவேண்டிய வேலையும் வாக்கியமும் வருவதில்லை.

அரிய சொல் என்பதுதான் யாது? நம் இலக்கணத்தார் சொற்களை இயற்சொல், திரிசொல் என்று பிரித்தனர். எல்லோருக்கும் எளிதில் பொருள் விளங்குவது இயற்சொல். முயன்று உணர வேண்டியது திரிசொல். ஆங்கிலேயருக்கும் இத்தொல்லை இருந்தது. இலத்தீன், கிரேக்கம், பிரெஞ்சு முதலிய மொழிகளிலிருந்து வந்து குவிந்த சொற்கள் அந்நாட்டு மக்களுக்கே விளங்கவில்லை. ஆகவேதான் 1604இல் ராபர்ட் காட்ரி என்னும் பள்ளியாசிரியர், ஏறத்தாழ 2,500 அரிய சொற்களுக்கு எளிய ஆங்கிலத்தில் பொருள் எழுதி வெளியிட்டார். ஆங்கிலத்துக்கு ஆங்கிலத்திலேயே பொருள் கூறும் முதல் அகராதி என அந்நூலைக் குறிப்பிடுவர். நூல்களிலும் சமயச் சொற்பொழிவுகளிலும் எதிர்ப்படும் சொற்களை மக்கள் விளங்கிக்கொள்ளவே அவர் அதனைத் தொகுத்தார். முதலில் வாசிப்பு, அதில் ஒரு தடை, தடையை நீக்க அகராதி. இதுவே முறை. நாமோ வாசிப்பை விட்டுவிட்டு, வாராத தடைகளுக்கெல்லாம் முன்கூட்டியே மருந்து உண்டுகொண்டிருக்கிறோம்.

பட்டியல் ஒரு சொல்லுக்கு ஒரு பொருளைத் தருகிறது. சொல்லோ பல சொற்களோடு உறவு கொண்டு வாழ்வது. தமிழ் கற்க வரும் மராத்திய நண்பர் ஒருவர், 'அடி' என்பதற்குத் 'தாக்கு' என்ற ஒரே பொருளை மனப்பாடம் செய்து கொண்டார் என வைத்துக் கொள்வோம். வெயில் அடிக்கிறது, மணி அடிக்கிறது, சுவருக்கு வண்ணம் அடிக்கிறார்கள், நண்பர்கள் அரட்டை அடிக்கிறார்கள் என்றெல்லாம் நாம் பேசும்போது அவர் திகைத்து நிற்பார் அல்லரோ? இதே நிலைதான் ஆங்கிலத்தில் நம் பிள்ளைகளுக்கும். 'நொட்டோரியஸ்' என்றால் பெயர் பெற்ற என்று பட்டியல் கூறக் கேட்டவன், தன் ஆசிரியரைப் பாராட்டி எழுதும் கட்டுரையில் அச்சொல்லைப் பெய்து வைப்பானாயின், பாராட்டு வசையாகி விடும். தீமையால் பெயர் பெற்றவனையே அச்சொல் குறிக்கும் என்பதைப் பட்டியல் அவனுக்குச் சொல்லவில்லை. 'டெர்மினேட்' என்றால் முடித்தல் என்று அறிந்தவன், உணவை முடித்ததற்கும் அதனையே எழுதுவான். பொருள் தெரிந்தும் சொல் தெரியாத நிலை இது.

இவ்வுண்மையைத் தொல்காப்பியர் உரியியலிலேயே உணர்த்திச் சென்றார். பழக்கத்தில் இல்லாத சொல்லைப் பழகிய சொல்லின் துணைகொண்டு விளக்க வேண்டும் என்றார். ஒரு பொருளுக்கு மேலும் மேலும் பொருள் கேட்டுக்கொண்டே சென்றால் அதற்கு எல்லை இராது என்றார். உணரும் வழி உணர்வோரின் ஆற்றலைச் சார்ந்தது என்றும் கூறினார். நம் சொற்பட்டியல்களைப் பாருங்கள். ஓர் அரிய சொல்லுக்கு மற்றோர் அரிய சொல்லே பொருளாக நிற்கிறது. அதற்குப் பொருள் தேடினால் மூன்றாவது அரிய சொல் வருகிறது. டாக்காவில் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றி, வங்காளச் சிறுவர் ஆங்கிலம் கற்பதில் படும் பாட்டை நேரில் கண்ட மைக்கேல் வெஸ்ட் என்பவர், 1935இல் எண்டிகாட் என்பவருடன் சேர்ந்து ஓர் அகராதி வெளியிட்டார். அதில் 24,000 சொற்களுக்கும் தொடர்களுக்கும் 1,490 எளிய சொற்களைக் கொண்டே பொருள் கூறினார். பழகியதைக் கொண்டு பழகாததை விளக்குதல் என்ற அதே நெறி. பிற்காலக் கற்போர் அகராதிகள் பலவும் இவ்வழியைப் பின்பற்றின.

இனி, நம்மை மறுப்போர் கூறுவனவற்றையும் பார்ப்போம்.

'அயல்நாட்டுப் பல்கலைக்கழகத் தேர்வுகள் இச்சொற்களைக் கேட்கின்றனவே, யாம் என் செய்வது?' என்பர் சிலர். ஒரு காலத்தில் இதில் நியாயம் இருந்தது. அமெரிக்க உயர்கல்விக்குரிய ஜி.ஆர்.ஈ. தேர்வில் தனிச் சொல்லைத் தந்து எதிர்ச்சொல் கேட்கும் வினாக்களும், சொல்லிணைகளை ஒப்பிடும் வினாக்களும் இருந்தன. 2011 ஆகஸ்டு முதல் அவ்விருவகையும் நீக்கப்பட்டன. எஸ்.ஏ.டி. தேர்வும் 2016இல் திருத்தி அமைக்கப்பட்டபோது, வழக்கில் அருகிய சொற்களைக் கேட்கும் வினாக்களைக் கைவிட்டது. இன்றும் அத்தேர்வுகளில் சொல்லறிவு வேண்டும். ஆனால் ஒரு பத்தியின் ஓட்டத்தை உணர்ந்து, அவ்விடத்துக்கு ஏற்ற சொல் எது, அவ்விடத்தில் அச்சொல் தரும் பொருள் எது எனத் தேர்ந்தெடுக்கும் அறிவே வேண்டும். தேர்வு வைத்தவரே விட்டுவிட்ட முறையை, வடாலாவில் நாம் விடாது கட்டிக்கொண்டு அழுவானேன்?

'நம் முன்னோர் நிகண்டை மனப்பாடம் செய்யவில்லையா?' என்று கேட்போரும் உளர். நல்ல வினா. திண்ணைப் பள்ளியில் சூடாமணி நிகண்டை ஓதிய மரபு நமக்கு உண்டு. அதற்கு முன்பே திவாகரமும் பிங்கலமும் உண்டு. ஆனால் நிகண்டு செய்யுளாக அமைந்தது. ஓசையே நினைவுக்குத் துணை நின்றது. மேலும் தேவப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர், மரப் பெயர் என இனம் இனமாகத் தொகுக்கப்பட்டது. ஒரு சொல் தன் சுற்றத்தோடு மனத்தில் அமர்ந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, நிகண்டு ஓதியவன் அதனோடு நின்றுவிடவில்லை, இலக்கியத்துள் புகுந்தான். நிகண்டு அவனுக்கு வாயிற்படி. இன்றைய பட்டியலோ அகர வரிசையில் ஒன்றுக்கொன்று தொடர்பற்ற சொற்களை அடுக்கி வைக்கிறது. அதைக் கடந்து செல்ல வேண்டிய வீட்டையும் காட்டுவதில்லை.

'தமிழ்தான் வீட்டிலேயே பேசுகிறோமே, அதற்கு வகுப்பு எதற்கு?' என்பது மூன்றாவது மறுப்பு. இதுவே மிகவும் தீங்கு பயப்பது. வீட்டில் பேசும் தமிழ் எது? வா, போ, சாப்பிடு, குளி, கதவைச் சாத்து என்னும் அளவில் நின்றுவிட்ட தமிழ். சினத்தையும் பசியையும் சொல்ல அது போதும். நீதியையும் நிலையாமையையும் சொல்லப் போதாது. கனடா நாட்டுக் கல்வியறிஞர் ஜிம் கம்மின்ஸ் 1979இல் இவ்வேறுபாட்டை விளக்கி எழுதினார். அன்றாட உரையாடலுக்குரிய மொழித்திறன் வேறு, கல்விக்கும் சிந்தனைக்கும் உரிய மொழித்திறன் வேறு என்றும், முதல் மொழியில் பெற்ற சிந்தனைத் திறன் இரண்டாம் மொழிக்கும் உதவுகிறது என்றும் அவர் கூறினார். குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளை முன்வைத்து நிகழ்ந்த ஆராய்ச்சி அது. நமக்கே எழுதியது போல் இருக்கிறது.

இதனை நம் இல்லத்திலேயே சோதித்துப் பார்க்கலாம். 'எஃபெமரல்', 'ஹிப்பாக்ரிசி', 'ஃபார்டிட்யூட்', 'கவெட்டஸ்' என்னும் நான்கு சொற்களும் அரிய சொற்பட்டியலில் அடிக்கடி இடம்பெறுவன. திருக்குறளில் நிலையாமை, கூடாவொழுக்கம், இடுக்கணழியாமை, வெஃகாமை என்னும் அதிகாரங்களைப் பொருளுணர்ந்து படித்த பிள்ளைக்கு இந்நான்கும் புதிய கருத்துகள் ஆகா. வெஃகுபவன் யார் என்று அறிந்தவன் 'கவெட்டஸ்' என்பதை ஒருமுறை கேட்டால் போதும். முன்பே தெரிந்த ஒருவருக்கு இன்னொரு பெயர் என்று கொள்வான். படிக்காத பிள்ளைக்கோ சொல்லும் புதிது, கருத்தும் புதிது. இரண்டும் அடுத்த வாரம் மறந்து போகும். தமிழ் வகுப்பை நிறுத்தி ஆங்கிலப் பட்டியலுக்கு நேரம் தேடும் பெற்றோர், கிணற்றைத் தூர்த்துவிட்டுக் குடம் வாங்கப் போகிறவர்களை ஒப்பர்.

இத்தனை மொழிகளைப் பிள்ளை தாங்குமா என்ற கவலையும் தேவையற்றது. வடாலா விட்டோபா கோயிலின் ஆஷாடி ஏகாதசிக் கூட்டத்தில் மராத்தியும், ரயிலில் இந்தியும், பள்ளியில் ஆங்கிலமும் இப்பிள்ளைகள் இயல்பாகப் பேசுவதை நாம் காண்கிறோம். பாரம் என்பது மொழியால் வருவதன்று. பொருளற்ற உருப்போடலால் வருவது.

அங்ஙனமாயின் அரிய சொற்களைக் கற்பது எவ்வாறு? நன்னூலார் பகுபதத்தைப் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் எனப் பிரித்துக் காட்டினார். இப்பயிற்சி பெற்ற தமிழ் மாணவனுக்கு ஆங்கிலச் சொல்லைப் பிரிப்பது கைவந்த கலையாகும். முன்னொட்டு என்ற ஒன்றை மட்டும் அவன் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். 'கிரெட்' என்னும் இலத்தீன் பகுதிக்கு நம்புதல் என்று பொருள். அதனை அறிந்தால் 'கிரெடிட்', 'கிரெடிபிள்', 'கிரெடென்ஷியல்', 'இன்கிரெடிபிள்', 'இன்கிரெடுலஸ்' என்னும் ஐந்தும் ஒரு குடும்பமாக வந்து சேரும். ஐந்து நாள் உருப்போட வேண்டியதை ஒரு நாள் சிந்தனை தந்துவிடும்.

நம் மொழியைக் கற்க வந்த அயலார் என்ன செய்தனர் என்பதையும் நோக்குக. 1839இல் தமிழகம் வந்த ஜி. யு. போப், 1886இல் தம் திருக்குறள் மொழிபெயர்ப்பை வெளியிட்டபோது, அந்நூலின் சொற்களுக்கு அகராதியும் சொல்லடைவும் சேர்த்தே வெளியிட்டார். அவருடைய சொற்பட்டியல் ஒரு நூலிலிருந்து பிறந்தது. அந்நூலுக்கே மீண்டும் வழிகாட்டியது. நம் பிள்ளைகளும் ஓர் ஆங்கில நூலைப் படிக்கட்டும். இடறிய சொற்களைக் குறிப்பேட்டில் அந்த வாக்கியத்தோடு எழுதட்டும். எதிர்ப்புறத்தில் தமிழ்ச் சொல்லை எழுதட்டும். தமிழ்ச் சொல் தெரியவில்லையாயின் தந்தையைக் கேட்கட்டும். தந்தைக்கும் தெரியவில்லையாயின், இருவரும் சேர்ந்து அகராதியைப் புரட்டட்டும். அத்தகைய நூறு சொற்கள், உருப்போட்ட மூவாயிரம் சொற்களினும் மேலானவை.

நம் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆண்டு விழாவில் சொற்களை எழுத்துக்கூட்டிச் சொல்லும் போட்டிக்குப் பரிசளிக்கிறோம். அதனோடு, ஓர் ஆங்கிலப் பத்தியை நல்ல தமிழிலும் ஒரு தமிழ்ப் பத்தியை நல்ல ஆங்கிலத்திலும் பெயர்த்தெழுதும் போட்டியையும் நடத்துவோமாக. மாநகராட்சி நடத்தும் தமிழ்வழிப் பள்ளிகளில் பயிலும் தாராவிப் பிள்ளைகளும் ஆங்கிலவழிப் பள்ளிகளில் பயிலும் வடாலாப் பிள்ளைகளும் அப்போட்டியில் அடுத்தடுத்து அமரட்டும். ஒருவரிடம் இல்லாதது மற்றவரிடம் இருப்பதை இரு சாராரும் அங்கே காண்பர்.

இம்மலரைப் பெரியவர்கள் படிப்பார்கள் என்பதில் நமக்கு ஐயமில்லை. இதே வீட்டில், 'யூபிக்விட்டஸ்' என்பதற்குப் பொருள் சொல்லத் தெரிந்து, ஊரிலிருந்து ஆச்சி எழுதிய கடிதத்தைப் படிக்கத் தெரியாத பிள்ளை ஒருவன் இருப்பானாயின், அவனுக்கு இதில் ஒரு பக்கத்தையேனும் உரக்கப் படித்துக் காட்டுங்கள். விளங்காத தமிழ்ச் சொல்லை அவன் கேட்கட்டும். அதற்கு ஈடான ஆங்கிலச் சொல்லை நீங்கள் கேளுங்கள். இரண்டு மொழியும் அங்கிருந்தே வளரத் தொடங்கும்.