வியர்வை உலரும் முன் சம்பளம்: இஸ்லாமிய உழைப்பு நெறி சொல்வது என்ன?

வானகரத்தில் பஸ் பிடித்து அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் போகிறவர்களிடம் மாதத்தின் முதல் வாரத்தில் ஒரே கேள்விதான்: 'சம்பளம் ஏறிடுச்சா?' இன்னும் ஏறாதவரிடமும் 'கொஞ்சம் ஈடுபாட்டோட வேலை பாருங்க' என்றே நிர்வாகங்கள் சொல்கின்றன. ஈடுபாடு எங்கிருந்து வரும்?

அது என்ன நெறி?

இஸ்லாமிய உழைப்பு நெறியை மூன்று சொற்களில் சொல்லலாம். நிய்யத் என்றால் எண்ணம். அமானத் என்றால் நம்பி ஒப்படைத்த பொறுப்பு. இத்கான் என்றால் செய்வதைத் திருந்தச் செய்தல். மேனேஜர் பார்க்காத நேரத்திலும் வேலை சுத்தமாக இருக்க வேண்டும் என்பதே சாரம். இந்த நெறியை அளக்க 1988இல் மேலாண்மை ஆய்வாளர் அப்பாஸ் அலி ஒரு கேள்வித்தாளை வெளியிட்டார். உழைப்பவரின் அர்ப்பணிப்போடு, பணியிடத்தில் நியாயம் வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது.

ஈடுபாடு எப்போது வரும்?

1990இல் வில்லியம் கான் என்ற ஆய்வாளர் மூன்று நிபந்தனைகளைச் சொன்னார். செய்யும் வேலைக்கு அர்த்தம் இருக்க வேண்டும். மனதில் பட்டதைச் சொன்னால் தலை உருளாது என்ற நம்பிக்கை வேண்டும். உடம்பிலும் மனசிலும் தெம்பு மிச்சம் இருக்க வேண்டும்.

முதலாவதை ஒருவரின் நம்பிக்கையும் நெறியும் கொடுக்கலாம். மற்ற இரண்டும் பெருமளவு நிர்வாகத்தின் கையில்தான். நெறியும் ஈடுபாடும் உள்ளவர்கள் நன்றாக வேலை செய்கிறார்கள் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால், அவற்றில் பெரும்பாலானவை ஊழியர்களிடமே கேட்டு எடுத்த சர்வேக்கள். எது காரணம், எது விளைவு என்று அவற்றை வைத்து அடித்துச் சொல்ல முடியாது.

முதலாளிக்கும் நெறி உண்டு

தொழிலாளியின் வியர்வை உலரும் முன்பே கூலியைக் கொடுத்துவிடச் சொல்கிறது நபிமொழி. நம் சட்டமும் இதற்குக் கெடு வைத்திருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் அமலில் இருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கொடுக்க வேண்டும். வேலையை விட்டவருக்கும் நீக்கப்பட்டவருக்கும் 2 வேலை நாட்களுக்குள் பாக்கியைத் தீர்க்க வேண்டும்.

உழைப்பு நெறியைப் பற்றி ஊழியருக்கு மட்டும் வகுப்பெடுத்தால் அது பாதி நெறிதான். எந்த மதத்தவர் நடத்தும் கம்பெனியானாலும் சரி, ஊழியரிடம் அமானத்தை எதிர்பார்க்கும் முன், ஊழியரின் அமானத்தான சம்பளத்தை நேரத்துக்குக் கொடுக்கட்டும். ஈடுபாட்டுக்கான பேச்சை அதன் பிறகு தொடங்கலாம்.