நாடா வெட்டிய பிறகு



"கேன்சர் ஆஸ்பத்திரிக்கு ஒரு மெஷின் வாங்கித் தரலாமா?" என்று கேட்டு அவ்வப்போது கடிதம் வரும். ஊர்ச் சங்கத்தார் எழுதுவார்கள்; பெற்றவர் நினைவாக ஏதாவது செய்ய நினைக்கும் பிள்ளைகள் எழுதுவார்கள். தாராளமாகத் தரலாம். ஆனால் கதிர்வீச்சுச் சிகிச்சையைப் பொறுத்தவரை மெஷின் வந்த பிறகுதான் செலவே தொடங்குகிறது.

முதலில் அறை. பங்கர் என்பார்கள். கதிர் நேராக விழும் பக்கத்துச் சுவர் ஏறத்தாழ இரண்டு மீட்டர் கனத்துக்குக் கான்கிரீட்டாக இருக்கவேண்டும். இடத்துக்கும் வரைபடத்துக்கும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் ஒப்புதல் தரவேண்டும். விவரம் தெரிந்தவர்கள் கட்டும்போதே இன்னொரு பங்கரையும் சேர்த்துக் கட்டிக் காலியாகப் போட்டுவைப்பார்கள். பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் பழைய மெஷினை மாற்றும் நாள் வரும். அப்போது சிகிச்சை நிற்காமல் புதியது அங்கே ஏறிவிடும். "வெறும் அறைக்கு எதற்கு இத்தனை பணம்?" என்று கணக்குப் பார்ப்பவர்கள் அதைத்தான் முதலில் வெட்டுவார்கள்.

அடுத்து, எந்த மெஷின்? கோபால்ட் கருவி கரண்டுக்கு அதிகம் அலட்டிக்கொள்ளாது. ஆனால் கோபால்ட் 60இன் வீரியம் ஐந்தே கால் வருஷத்தில் பாதியாகிவிடும். இரண்டு நிமிஷத்தில் முடிந்த சிகிச்சைக்கு நாலு நிமிஷம் ஆகும். வெளியே பெஞ்சில் கூட்டம் சேரும். புதுக் கோபால்ட் மூலத்துக்கான பணத்தை முதல் நாளிலிருந்தே ஒதுக்கிவரவேண்டும். மின்சாரத்தைக் கொண்டே கதிரை உண்டாக்கும் லீனியர் ஆக்ஸிலரேட்டருக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் சீரான மின்சாரம், ஓயாத ஏ.சி., பழுதானால் ஓடிவரும் பொறியாளர், பராமரிப்பு ஒப்பந்தம் எல்லாம் வேண்டும். தினமும் முதல் நோயாளி படுப்பதற்கு முன்னே கதிரின் அளவை அளந்து சரிபார்க்க மருத்துவ இயற்பியலாளர் வேண்டும். அந்தச் சம்பளத்துக்கு யாரும் கல்வெட்டு வைப்பதில்லை!

சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைப் பாருங்கள். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, இந்திய மாதர் சங்கத்தின் துணையோடு நிதி திரட்டி 1954இல் 12 படுக்கைகளுடன் தொடங்கியது அது. 1957இலேயே கோபால்ட் கருவி வந்துவிட்டது. 1976இல் லீனியர் ஆக்ஸிலரேட்டர். சின்ன இடத்துக்கு இவ்வளவு பெரிய கருவிகளைக் கட்டி மேய்க்க முடிந்தது எப்படி? டாக்டர் கிருஷ்ணமூர்த்தி, டாக்டர் சாந்தா போன்றவர்கள் வாழ்நாள் முழுக்க அங்கேயே கிடந்து ஆட்களை உருவாக்கினார்கள், சலிக்காமல் நன்கொடை கேட்டார்கள். சாந்தா அம்மையார் 2021இல் மறையும்வரை அந்த வளாகத்தில்தான் குடியிருந்தார்.

நோயாளியின் பக்கமும் கொஞ்சம் பார்க்கவேண்டும். 'கரண்டு வைக்க', அதாவது கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு, வருபவருக்குப் பல நேரம் வாரத்துக்கு ஐந்து நாள் என ஐந்தாறு வாரம் ஓடும். படுப்பது சில நிமிஷம். உடம்பில் மார்க்கர் கோடு போட்டு, "அழியாமப் பாத்துக்கோங்கம்மா" என்று அனுப்புவார்கள். கழுத்தில் கட்டி என்றால், வெந்நீரில் இளகிய பிளாஸ்டிக் வலையை முகத்தில் படியவைத்து அவருக்கென்றே முகமூடி செய்வார்கள். அதற்குள் அசையாமல் கிடந்து எழுந்தபின் அவர் எங்கே போவார்? கூலி வேலையை விட்டுவிட்டு வந்தவர், கூடவே ஒரு ஆள். காப்பீட்டு அட்டை சிகிச்சைக்கு உதவும். லாட்ஜ் வாடகைக்கும் இட்லிக்கும் உதவாது. கைக்காசு தீர்ந்ததும் பாதியில் ஊர் திரும்பிவிடுவார்கள். நடுவில் இடைவெளி விழுந்தால் மிச்சமிருக்கும் செல்கள் மறுபடி தலையெடுக்கும். அதுவரை வாங்கிய கதிரின் பலன் குறையும். என் கணக்கில், மருத்துவமனைக்குப் பக்கத்தில் இருபது கட்டில் போட்ட ஒரு தங்கும் விடுதியும் சிகிச்சைக் கருவிதான்.

ஆகவே, கொடுக்க நினைக்கும் வாசகர்களே, காசோலை எழுதுவதற்கு முன்னால் மருத்துவமனை நிர்வாகத்திடம் உட்கார்ந்து பேசுங்கள். மெஷினை இயக்க ஆட்கள் இருக்கிறார்களா, பராமரிப்பு ஒப்பந்தம் எந்த வருஷம்வரை இருக்கிறது, வெளியூர்க்காரர்கள் எங்கே தங்குகிறார்கள் என்று கேளுங்கள். எதற்குப் பணம் போதவில்லை என்கிறார்களோ அதற்கே கொடுங்கள். அது ஜெனரேட்டர் டீசலாக இருந்தாலும் சரி.

அன்புடன்,
ஆசிரியர்