பல்பு மாட்டலாம், புது லைன் இழுக்கக்கூடாது!

சில்லறை ரிப்பேர் ஆட்களுக்கு லைசென்சு உண்டா? சட்டம் கோடு போட்டிருப்பது எங்கே?

சென்னை,

காலை 8 மணி. எலெக்ட்ரிக்கல் கடை வாசலில் பையோடு ஒருத்தர் நிற்கிறார். பைக்குள் டெஸ்டர், கட்டிங் பிளேயர், ஸ்பேனர், சுத்தியல், ஒரு சுருள் டேப்பு.

"ஏம்பா, வீட்டு வேலைக்கு வர்றியா? பேன் மாத்தணும். குழாய் ஒழுகுது. அப்படியே ஏ.சி.க்கு ஒரு லைன் இழுத்துக் கொடுத்துடு" என்கிறார் ஒரு வீட்டுக்காரர். கூலி பேசி முடிந்தது. இரண்டு பேரும் ஒரே ஸ்கூட்டரில் கிளம்பிவிட்டார்கள்.

முதல் இரண்டு வேலையும் சட்டப்படி சரி. மூன்றாவது வேலை சட்டப்படி தப்பு! கூப்பிட்டவருக்கும் இது தெரியாது. போனவருக்கும் தெரியாது. ஏதாவது ஆனால்தான் தெரியும்.

அப்படி ஒரு லைசென்சே இல்லை!

"சில்லறை ரிப்பேர் வேலை செய்பவர்" என்று தமிழ்நாட்டில் தனி லைசென்சு கிடையாது. தச்சு வேலை, பெயின்டு, சுவர் ஒட்டு, ஒழுகும் குழாய்க்கு வாஷர் போடுவது, இதற்கெல்லாம் எந்த ஆபீசிலும் கார்டு கேட்கமாட்டார்கள். கடை திறந்து போர்டு மாட்டினால்தான் மாநகராட்சித் தொழில் உரிமம் என்ற பேச்சு வரும். வருஷ வரவு 20 லட்ச ரூபாய்க்குள் இருந்தால் ஜி.எஸ்.டி. பதிவும் வேண்டாம்.

ஆனால் கரண்டு விஷயம் அப்படி இல்லை. அங்கே சட்டம் கத்தரிக்கோல் போட்ட மாதிரி வெட்டி வைத்திருக்கிறது.

பல்பு, பேன், பியூஸ், சுவிட்சு, 250 வோல்ட்டுக்கு மேற்படாத வீட்டுச் சாமான், இவற்றைக் கழற்றி வேறு மாட்டலாம். அதற்கு லைசென்சு வேண்டாம். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. இணைப்பின் சக்தியும் தன்மையும் மாறக்கூடாது. அதைத் தாண்டி எதைச் செய்தாலும் லைசென்சு பெற்ற கான்ட்ராக்டர் மூலம்தான் செய்யவேண்டும். தகுதிச் சான்று உள்ளவர் பக்கத்திலிருந்து மேற்பார்க்க வேண்டும்.

இது நேற்று வந்த சட்டம் இல்லை. 1956-ம் வருஷத்து இந்திய மின்சார விதிகளிலேயே இருந்தது. 2010-ல் மத்திய மின்சார ஆணையம் போட்ட ஒழுங்குமுறையிலும் வந்தது. 2023-ல் புது ஒழுங்குமுறை வந்தபோதும் கோடு அழியவில்லை.

ஏ.சி. லைன் ஏன் தப்பு?

லைட்டுக்கும் பேனுக்கும் போட்டது மெல்லிசு வயர். ஒன்றரை டன் ஏ.சி.க்குத் தடித்த வயர் தனியாக வரவேண்டும். எர்த்தும் வேண்டும். பழைய லைட்டு லைனிலேயே ஏ.சி.யைக் கோத்துவிட்டால், வெளியே பார்க்க அழகாகத்தான் இருக்கும். குழாய்க்குள் வயர் சூடாகி, மேல்தோல் உருகும். பிறகு தீ. எர்த் இல்லாத ஹீட்டரில் கசிவு வந்தால், குளிக்கப் போகிறவர் கையில் ஷாக்!

ஒரு ஆள், ஒரு பை, ஒரு நாள் கூலி என்ற கணக்கில் அதிகம் கேட்கப்படும் வேலையும் இதுதான். சட்டம் போட்ட கோடு சரியாக இந்த இடத்தில் வந்து நிற்கிறது.

மீட்டர் பக்கம் போகவே கூடாது!

மீட்டரில் சீல் இருக்கிறது. அதில் கை வைத்தால் 2003-ம் வருஷ மின்சாரச் சட்டப்படி 3 வருஷம் வரை ஜெயில், 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கம்பத்தில் பியூஸ் போனால் பை ஆளைக் கூப்பிடாதீர்கள். மின்சாரத் துறையின் மின்னகம் இருக்கிறது. 94987 94987 என்ற நம்பருக்குப் போன் போட்டால் போதும்.

உயிர் போனால்?

போலீஸ் ஸ்டேஷனில் இது "அஜாக்கிரதையால் மரணம்" என்ற வழக்கு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இதற்கு 2 வருஷம் வரைதான் ஜெயில். 2024 ஜூலை 1-ந்தேதி அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 5 வருஷம் வரை போகலாம். "லைசென்சு இல்லாத ஆளை ஏன் கூப்பிட்டாய்?" என்ற கேள்வி வீட்டுக்காரரையும் விடாது.

"டேங்கையும் ஒரு எட்டு பார்த்துடு"

குழாய் வேலைக்கு வந்தவரை, வந்ததோடு வந்ததாக செப்டிக் டேங்கில் இறங்கச் சொல்கிறார்கள். 100 ரூபாய் கூடக் கொடுத்தால் போச்சு என்று நினைப்பு. உள்ளே விஷவாயு. முதல் மூச்சிலேயே ஆள் சாயலாம். தூக்கப் போகிறவரும் சாயலாம்!

இதற்கு லைசென்சு வாங்கி வா என்று சட்டம் சொல்லவில்லை. இறக்காதே என்கிறது. தகுந்த கருவியும் பாதுகாப்பு ஏற்பாடும் இல்லாமல் ஆளை இறக்கினால், 2013-ம் வருஷச் சட்டப்படி முதல் தடவைக்கே 2 வருஷம் வரை ஜெயில், 2 லட்ச ரூபாய் வரை அபராதம். சாக்கடைச் சாவுக்கு 10 லட்சமாக இருந்த நஷ்டஈட்டை 30 லட்சமாக்கும்படி 2023 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவு போட்டது.

கார்டு வாங்குவது எப்படி?

படிக்காதவனுக்கு வழி இல்லை என்பது பாதி உண்மைதான். "மின்கம்பி உதவியாளர் தகுதிகாண் தேர்வு" என்று அரசாங்கம் ஒரு பரீட்சை நடத்துகிறது. அரசு ஐ.டி.ஐ.க்களில் நடக்கும். 21 வயது ஆகியிருக்க வேண்டும். வயரிங் வேலையில் 5 வருஷ அனுபவம் வேண்டும். மேல் வயது வரம்பு கிடையாது. 50 வயதிலும் எழுதலாம்!

சிக்கல் அந்த 5 வருஷத்தில் இருக்கிறது. நாலு மேஸ்திரியிடம் மாறி மாறி வேலை பார்த்தவரிடம் கைப்பழக்கம் இருக்கும்; காகிதம் இருக்காது. அறிவிப்பு எப்போது வருகிறது என்றும் தெரியாது. பாஸ் பண்ணினாலும் அவர் உதவியாளர்தான். லைசென்சு பெற்ற கான்ட்ராக்டருக்குக் கீழே செய்யும் வேலைக்குத்தான் கார்டு செல்லும்.

அதனால் என்ன நடக்கும்? வேலை செய்தவர் ஒருத்தர், கையெழுத்துப் போடுகிறவர் ஒருத்தர் என்று ஆகிவிடும். வயரிங்கைப் பார்க்காமலே "சோதித்தேன், சரியாக உள்ளது" என்று கையெழுத்து விழுந்தால் அந்தக் காகிதம் யாரைக் காப்பாற்றும்? சட்டம் கேட்பது சீலை அல்ல. வேலை நடக்கும்போது ஒரு தெரிந்த ஆள் நிற்பதை.

இலவச அட்டை இருக்கிறது

லைசென்சு கிடைக்காவிட்டாலும் ஒரு அட்டையை இன்றைக்கே வாங்கலாம். கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் 1994-ல் வந்தது. எலெக்ட்ரீசியன், பிளம்பர், தச்சர், பெயின்டர், கொத்தனார் எல்லாரும் சேரலாம். வயது 18 முதல் 60 வரை. பதிவு இலவசம். பிள்ளைகள் படிப்புக்கு உதவி, விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு உதவி, 60-க்குப் பிறகு பென்ஷன் உண்டு. புதுப்பிக்க மறந்தால் உதவி நின்றுவிடும். ஒன்று ஞாபகம் இருக்கட்டும். இது வயர் இழுக்க லைசென்சு அல்ல, வயிற்றுக்குக் காவல்.

அதிகாரிகள் மனசு வைத்தால் இன்னொன்றும் செய்யலாம். நலவாரிய முகாம் போடும் இடத்திலேயே தேர்வு விண்ணப்பத்தையும் கொடுக்கட்டும். அனுபவத்தை எழுதித் தருவது யார், எப்படி என்று அங்கேயே சொல்லட்டும்.

அதுவரை வீட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பேன் மாட்ட யாரை வேண்டுமானாலும் கூப்பிடுங்கள். புது லைன் இழுப்பதற்கு முன்னால், "தம்பி, கார்டு இருக்கா?" என்று கேளுங்கள். பை தூக்கும் தம்பிக்கும் ஒரு வார்த்தை. "இந்த வேலைக்கு கான்ட்ராக்டர் வரணும் சார்" என்று சொல்வதில் வெட்கம் இல்லை. ஒரு நாள் கூலி போனால் நாளைக்குச் சம்பாதிக்கலாம்!