அதட்டினால் பயம் போகாது

'பயந்து நிற்கும் பிள்ளைக்கு இரக்கம் காட்டினால் உருப்படாது. அதட்டித்தான் பாய வைக்க வேண்டும்' என்கிறார்கள். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் காயம்பட்ட கணுக்காலோடு வால்ட் பாய்ந்த அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை கெர்ரி ஸ்ட்ரக்கைச் சாட்சிக்கு இழுக்கிறார்கள். மீதிக் கதையையும் சொல்ல வேண்டாமா? அந்தப் பாய்ச்சல் இல்லாமலேயே அமெரிக்க அணி தங்கம் வென்றிருக்கும். ஸ்ட்ரக்கோ தகுதி பெற்றிருந்த தனிநபர் இறுதிப் போட்டிகளில் இறங்க முடியாமல் போனார்.

பேலன்ஸ் பீமின் அகலம் 10 சென்டிமீட்டர், உயரம் 125. அதன்மேல் பின்பக்கமாகப் பாய்ந்து கை ஊன்றப் பழகும் சிறுமியைப் பாருங்கள். கைகளை உயர்த்துவாள், முழங்காலை மடக்குவாள், மறுபடி நிமிர்ந்துவிடுவாள். இதைச் சோம்பல் என்பது அநியாயம். அவள் உடம்பு தன்னைக் காத்துக்கொள்கிறது. அந்த நேரத்தில் கத்தினால் அரைமனதோடு பாய்வாள். நடுவில் தயங்கினால் அடி நிச்சயம்.

தரையில் போட்ட கோடு, பிறகு தாழ்வான பீம், பிறகு மெத்தை அடுக்கிய உயரமான பீம் என்று படிப்படியாக ஏற்றுவது பயிற்சியாளரின் வேலை. பயிற்சி முடிந்து வண்டியில் ஏறியதும் 'இன்னைக்காவது வந்துச்சா?' என்று கேட்காமல் இருப்பது பெற்றோரின் வேலை.

2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில், காற்றில் திசை பிடிபடாமல் போனதும் அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ் அணிப் போட்டியிலிருந்து விலகினார். கோழை என்று ஏசினார்கள். 2024இல் பாரிஸில் அவர் 3 தங்கம் வென்றார். நம் பிள்ளைகளுக்கும் அந்த அவகாசத்தைக் கொடுங்கள்.