தலை விதியும் பென்ஷன் விதியும்

சர்க்கார் உத்தியோகத்தில் இருக்கும் ஒருவனுக்குக் கண் போய்விட்டாலும், கால் போய்விட்டாலும், பாரிச வாயுவால் கை விழுந்துவிட்டாலும், "இன்வேலிட் பென்ஷன்" என்பதாக ஒன்று கொடுத்து அவனை வீட்டுக்கு அனுப்புவது வழக்கம். இன்வேலிட் என்ற சொல்லுக்குச் செல்லாதது என்றும் ஓர் அர்த்தம் உண்டு. செல்லாக் காசு, செல்லாப் பத்திரம் என்பதுபோல் செல்லாத மனிதனாம்! பெயர் எப்படியோ போகட்டும். கொடுப்பதையாவது யோக்கியமாகக் கொடுத்து வந்தார்களா என்று பார்ப்போம்.

மத்திய சர்க்காரின் 1972ம் வருஷத்துப் பென்ஷன் விதிகளின்படி, பத்து வருஷ சேவை முடிந்தவனுக்குத்தான் இந்தப் பென்ஷன். முடியாதவனுக்கு ஆறு மாத சேவைக்கு அரை மாதச் சம்பளம் வீதம் ஒரு கிராஜுவிட்டியைக் கணக்குப் பார்த்துக் கையில் கொடுத்து வாசலைக் காட்டிவிடுவார்கள். ஒன்பது வருஷம் உழைத்துக் காலை இழந்தவனுக்கு இந்தக் கணக்கில் ஒன்பது மாதச் சம்பளம். அதற்குப் பிறகு மாதா மாதம் என்று ஒரு காசும் இல்லை.

இதிலுள்ள வேடிக்கையை வாசகர்கள் கவனிக்க வேண்டும். அதே ஒன்பது வருஷக்காரன் வேலையில் இருக்கும்போதே செத்துப் போயிருந்தால், அவன் மனைவிக்குக் குடும்பப் பென்ஷன் உண்டு. அவன் சாகாமல் இரண்டு காலையும் இழந்து உயிரோடு வீட்டுக்கு வந்தாலோ அவனுக்கும் பென்ஷன் இல்லை; பின்னால் அவன் இறந்தால் அவளுக்கும் இல்லை. அதாவது, ஒருவன் பிழைத்துக்கொள்வதே அவன் பெண்டு பிள்ளைகளுக்கு நஷ்டம் என்று சட்டம் செய்து வைத்திருந்தார்கள்! இப்படி எழுதி வைத்தவர்கள் படியாதவர்களா? பெரிய பெரிய பரீட்சை தேறியவர்கள்தான்.

இந்த அநியாயம் 2019ம் வருஷம் ஜனவரி 4ந் தேதிதான் திருத்தப்பட்டது. வேலையில் சேரும்போது டாக்டர் பரீட்சை செய்து தகுதியுள்ளவன் என்று சொல்லியிருந்தால், பத்து வருஷம் முடியாதவனுக்கும் இனி பென்ஷன் உண்டு என்றார்கள். 2021ம் வருஷத்துப் புது விதிகளிலும் அது நிற்கிறது. ஏழாவது சம்பளக் கமிஷன்படி மாதம் 9,000 ரூபாய்க்குக் குறையாத பென்ஷனும், அதன்மேல் பஞ்சப்படியும் கிடைக்கும்.

இந்த நாற்பத்தேழு வருஷ காலமாக, காலை இழந்து பென்ஷனும் இல்லாமல் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தவனிடம் நம் பெரியவர்கள் என்ன சொல்லிக்கொண்டிருந்தார்கள்? "எல்லாம் தலை விதி," "முன் ஜன்மத்துப் பாவம்," "சனி பிடித்திருக்கிறது, திருநள்ளாறு போய் வா" என்றுதானே? பென்ஷன் விதியில் ஒரு வரியை மாற்றியவுடன் அவன் தலை விதியும் மாறிவிட்டதே, அது எப்படி? பிரம்மா எழுதியதை ஒரு குமாஸ்தாவின் டைப் மெஷின் அடித்துவிட்டதா? அவனைப் பட்டினி போட்டது கிரகமல்ல, கெஜட்டு என்பதை அவனுக்குச் சொல்ல ஆள் இல்லை. சொல்லியிருந்தால் திருநள்ளாற்றுக்குச் செலவழித்த ரயில் சார்ஜில் ஒரு மகஜராவது அனுப்பியிருப்பான்.

நிற்க, பென்ஷன் கொடுப்பதைக்கூட நாம் இரண்டாவதாகத்தான் வைக்கிறோம். கால் போனவனுக்குக் கை இருக்கிறது, மூளை இருக்கிறது. அவனை வீட்டுக்கு அனுப்புவானேன்? 2016ம் வருஷத்து ஊனமுற்றோர் உரிமைச் சட்டத்தின் 20வது பிரிவு, வேலையில் இருக்கும்போது ஊனமடைந்தவனை நீக்கவோ பதவியில் இறக்கவோ கூடாது, அதே சம்பளத்தில் வேறு வேலை கொடு, அதுவும் இல்லையென்றால் உபரி ஸ்தானம் ஒன்றை உண்டாக்கி அதில் வைத்துக்கொள் என்கிறது. 1995ம் வருஷத்துச் சட்டத்திலும் இது இருந்தது. வேலையில் அடிபட்டு ஒரு காலை இழந்த கான்ஸ்டேபிள் ஒருவரை இன்வேலிட் பென்ஷன் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஹைக்கோர்ட்டும் அவர் மனுவைத் தள்ளிவிட்டது. 2003ல் சுப்ரீம் கோர்ட், பென்ஷன் கொடுத்துவிட்டோம் என்பது வேலையைப் பறிப்பதற்குச் சமாதானமாகாது என்று தீர்ப்புச் சொல்லிற்று.

ஆனால், 2021 ஆகஸ்டில் மத்திய சர்க்கார் ஓர் அறிவிப்புப் போட்டு, எல்லைப் பாதுகாப்புப் படை முதலிய மத்திய ஆயுதக் காவல் படைகளில் சண்டைக்குப் போகிறவர்களின் உத்தியோகங்களுக்கு அந்த 20வது பிரிவு கிடையாது என்று விலக்கிவிட்டார்கள். நொண்டியைத் துப்பாக்கி தூக்கச் சொல்லும்படி நாமும் கேட்கவில்லை. அந்தப் படைகளில் கணக்கு எழுதவும், கம்பியில்லாத் தந்தி பார்க்கவும், சாமான் கிடங்கு காக்கவும் ஆள் வேண்டாமா? யாருக்குக் கால் போகும் அபாயம் அதிகமோ அவனுக்குத்தான் பாதுகாப்புக் குறைவு என்பது எந்த ஊர் நியாயம்?

இதுவாவது பட்டாளத்து விஷயம். நம் நகரசபைகளில் தெருக் கூட்டுகிறவனையும் சாக்கடையில் இறங்குகிறவனையும் கான்ட்ராக்டரின் ஆள் என்று எழுதி வைத்திருக்கிறார்களே, அவனுக்கு மேற்சொன்ன பென்ஷன் விதியும் இல்லை, மாற்று வேலையும் இல்லை. கான்ட்ராக்டர் ஒழுங்காக ஈ.எஸ்.ஐ. கட்டியிருந்தால் அதில் ஏதோ கிடைக்கும். அந்த வேலைக்கு எந்த ஜாதியார் வருகிறார்கள் என்று நாம் எழுதித்தான் தெரிய வேண்டுமா? சாக்கடை வேலையில் நிரந்தர ஊனமடைந்து பிழைக்க வழியற்றுப் போனவனுக்கு 20 லட்சத்துக்குக் குறையாமலும், மற்ற ஊனத்துக்கு 10 லட்சத்துக்குக் குறையாமலும் கொடுக்க வேண்டுமென்று 2023 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. அது தர்மமல்ல, பாக்கி. கேட்டு வாங்க வேண்டியது.

கடைசியாக உத்தியோகத்திலுள்ள தோழர்களுக்கு ஒரு வார்த்தை. 2004 ஜனவரிக்குப் பின் மத்திய சர்க்கார் வேலைக்கு வந்து புதுப் பென்ஷன் திட்டத்தில் சேர்ந்தவர்கள், தாங்கள் இறந்தாலோ ஊனமடைந்து நீக்கப்பட்டாலோ பழைய விதிப்படி பலன் வேண்டுமா, புதுத் திட்டப்படி வேண்டுமா என்று எழுதிக் கொடுக்க ஒரு பாரம் உண்டு. ஜாதகத்தைப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கும் வீடுகளில் இந்தப் பாரத்தின் நகல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் நாளைக்கே ஆபீசில் கேட்டு, எழுதிக் கொடுத்து, சர்வீஸ் ரிஜிஸ்தரில் ஒட்டியிருக்கிறார்களா என்று கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள்.