சீமைக் கருவேலம்: அடுப்புக்கா, மண்ணுக்கா?

தமிழகத்தின் தென் மாவட்ட விவசாயிகள் பெரும் தொல்லையாகக் கருதும் சீமைக் கருவேல மரம், சர்வதேச கார்பன் சந்தையில் விலைபோகும் மூலப்பொருளாக மாறியுள்ளது. 2030ஆம் ஆண்டுக்குள் 1 லட்சம் டன் கரியமில வாயுவை அகற்றியதற்கான சான்றுகளை இந்தியாவின் வராஹா நிறுவனத்திடமிருந்து வாங்கப்போவதாக, கூகுள் நிறுவனம் 2025 ஜனவரியில் அறிவித்தது. குஜராத்தில் புல்வெளிகளை ஆக்கிரமித்துள்ள இதே மரத்தை வெட்டி, பயோசார் எனப்படும் உயிர்க்கரியாக மாற்றுவதே அத்திட்டத்தின் அடிப்படை.

மரம், உமி, பருத்திமார் போன்றவற்றை மிகக் குறைந்த காற்றில், பொதுவாக 350 முதல் 700 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் கரியாக்கி மண்ணில் இடுவதே உயிர்க்கரி முறையாகும். செடி மக்கினாலோ எரிந்தாலோ அதிலுள்ள கார்பன் வாயுவாகக் காற்றில் கலந்துவிடும். கரியானால், அதில் ஏறக்குறைய பாதி நிலைத்த வடிவம் பெற்று, மண்ணில் நூற்றாண்டுக் கணக்கில் தங்கும். பருவநிலை மாற்றம் குறித்த ஐ.நா. அறிவியல் குழு, வளிமண்டலத்திலிருந்து கரியமில வாயுவை அகற்றும் வழிகளில் ஒன்றாக இதனை 2018ஆம் ஆண்டு அறிக்கையில் குறிப்பிட்டது.

அப்படியானால், இராமநாதபுரமும் சிவகங்கையும் இதன்மூலம் பயன்பெற முடியுமா என்ற கேள்வி எழுகிறது. அங்கு கரி புதிய பொருள் அல்ல.

கரிமூட்டத் தொழில்

வறட்சியைத் தாங்கும் விறகு மரமாக அறிமுகமான சீமைக் கருவேலம், கண்மாய்களையும் தரிசு நிலங்களையும் மூடிவிட்டது. இதனை அகற்றுமாறு சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2017ஆம் ஆண்டில் உத்தரவிட்டது. அதே ஆண்டில் அப்பணிக்கு இடைக்காலத் தடையும் வந்தது. பின்னர் 2022ஆம் ஆண்டில், அயல் தாவரங்களை அகற்றிச் சூழலை மீட்பதற்கான கொள்கையைத் தமிழக அரசு வெளியிட்டது.

ஆனால், மழை பொய்க்கும் ஆண்டுகளில் இப்பகுதியின் நிலமற்ற குடும்பங்கள் பலவற்றுக்குச் சோறு போடுவதும் இதே மரம்தான். அதனை வெட்டி, அடுக்கி, மண்ணால் மூடி, பல நாட்கள் புகையவிட்டுக் கரியாக்குகிறார்கள். இந்தக் கரி உணவகங்களுக்கும், இஸ்திரிப் பெட்டிகளுக்கும், தொழிற்சாலைகளுக்கும் போகிறது. அங்கு எரிக்கப்பட்டதும் அதன் கார்பன் மீண்டும் காற்றில் கலக்கிறது. மூட்டத்திலிருந்து வெளியேறும் புகையில் மீத்தேனும் கார்பன் மோனாக்சைடும் உள்ளன. முன்னது புவி வெப்பத்தைக் கூட்டுவது, பின்னது தொழிலாளரின் உடல்நலத்தைக் கெடுப்பது. எனவே, மூட்டக் கரியை அப்படியே மண்ணில் இட்டால் சுற்றுச்சூழல் கணக்கு நேராகிவிடாது.

சுவிட்சர்லாந்தில் உருவான அடுப்பு

இதற்கு எளிய தீர்வு ஒன்று சுவிட்சர்லாந்தின் வலே மாநிலத்திலிருந்து வந்தது. அங்குள்ள இத்தாக்கா ஆய்வு நிறுவனம் 2014ஆம் ஆண்டில் கோன்-டிக்கி என்ற கூம்பு வடிவத் திறந்த அடுப்பை உருவாக்கியது. மேலே எரியும் தீச்சுவாலை, கீழிருந்து எழும் வாயுக்களைப் பெருமளவு எரித்துவிடுவதால் புகை குறைகிறது. உலோகத்துக்குச் செலவிட முடியாதவர்கள் நிலத்தில் கூம்புக் குழி தோண்டியும் இதனைச் செய்யலாம். ஒரு நாளுக்குள் கரி கிடைத்துவிடும்.

நேபாளத்தில் காடுகளை ஆக்கிரமித்துள்ள யூப்பட்டோரியம் புதரை இம்முறையில் கரியாக்கி, அதனை மாட்டுக் கோமியத்தில் ஊறவைத்து, ஹெக்டேருக்கு 750 கிலோ வீதம் பூசணிச் செடியின் வேரருகே இட்டனர். கோமியம் மட்டும் இடப்பட்ட செடிகளைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு விளைச்சல் கிடைத்ததாக 2015இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. இது ஒரு பயிரில் கிடைத்த முடிவே. எனினும், குறைந்த அளவு கரியும் உள்ளூர் எருவும் சேர்ந்தால் பயன் தரக்கூடும் என்பதை அது காட்டியது.

எந்த மண்ணுக்கு?

இங்குதான் எச்சரிக்கை தேவைப்படுகிறது. உயிர்க்கரி, வெப்பமண்டல நிலங்களில் சராசரியாக 25 சதவீத விளைச்சல் உயர்வைத் தருவதாகவும், மிதவெப்ப நாடுகளில் சராசரியாகப் பலன் இல்லை என்றும் பல ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியான கட்டுரை கூறியது. வெப்பமண்டலத்தின் வளம் குன்றிய அமில மண்ணை இக்கரி சீர்செய்வதே இதற்கு முக்கியக் காரணம். கரி பொதுவாகக் காரத்தன்மை கொண்டது.

இராமநாதபுரம் பகுதியின் பல நிலங்களோ ஏற்கெனவே காரமும் உப்பும் மிகுந்தவை. அங்கு கரி நீரைப் பிடித்து வைக்க உதவக்கூடும் என்றாலும், அமில மண்ணில் கிடைக்கும் அதே பலனை எதிர்பார்க்க முடியாது. நீலகிரியின் மண் அமிலத்தன்மை கொண்டது. முதுமலைக் காடுகளை உண்ணிச்செடி மூடியுள்ளது. ஆகவே, அந்தச் செடியைக் கரியாக்கி அம்மாவட்டத்தின் தோட்டங்களில் பயன்படுத்துவது கூடுதல் பொருத்தமாக இருக்கும்.

பண்ணைக் கழிவு என்பதையும் கவனமாகப் பார்க்க வேண்டும். பஞ்சாபில் வயலிலேயே எரிக்கப்படும் வைக்கோல், தமிழகத்தில் மாட்டுத் தீவனம்.

யாருக்கு ஆதாயம்?

தரமான ஒரு டன் உயிர்க்கரி ஏறத்தாழ இரண்டரை டன் கரியமில வாயுவை முடக்கி வைப்பதாகக் கணக்கிடலாம். எரிபொருளாக விற்றால் கையில் உடனே பணம் கிடைக்கும்போது, கரியை மண்ணில் புதைக்குமாறு ஏழைத் தொழிலாளியிடம் கேட்பது நியாயமாகாது. கார்பன் சான்றின் வருவாயில் அவருக்கும் பங்கு கிடைத்தால் மட்டுமே அது சாத்தியம். ஆனால் அளவிடுதல், தரச்சோதனை, சான்றளிப்பு ஆகியவற்றுக்கான செலவை ஒரு தனிக் குடும்பத்தால் தாங்க முடியாது. இடையில் நிற்கும் நிறுவனம் எவ்வளவு எடுத்துக்கொள்கிறது என்பதே கிராமத்தின் ஆதாயத்தை முடிவு செய்யும்.

மற்றொரு முரண்பாடும் உண்டு. அழிக்க வேண்டிய மரத்துக்கு நிலையான விலை கிடைத்தால், அதை முற்றாக ஒழிக்கும் ஆர்வம் குறைந்துவிடும். சீமைக் கருவேலம் வெட்டிய அடிமரத்திலிருந்தே மீண்டும் தழைக்கும். தூரோடு அகற்றி, அந்த இடத்தில் நாட்டு மரங்களையோ புல்லையோ வளர்ப்பதை ஒப்பந்தத்தின் நிபந்தனையாக்காவிட்டால், மீட்புத் திட்டம் மரச் சாகுபடியாக மாறிவிடக்கூடும்.

கரியாக்கும் திறமை தென் மாவட்டங்களில் பல தலைமுறைகளாக உள்ளது. புகை குறைந்த அடுப்பும், மண் பரிசோதனையும், வெளிப்படையான கூலிக் கணக்கும்தான் அங்கு தேவைப்படுகின்றன. இவை இல்லாமல் வரும் கார்பன் பணம், தொலைதூர நிறுவனங்களின் கணக்கைச் சீராக்கலாம். கண்மாயைச் சீராக்குமா என்பது சந்தேகமே.